எடை போட்டுப் பார்த்த ரசிகர் மன்றம்

கிழக்குப்பாறை கலைக் கல்லூரியில் படித்தவர்கள் எல்லாருமே முட்டாள்கள் என்று தேரிமேட்டுக்காரர்கள் சொல்வதில் உண்மை இல்லை. நாலு பேர்தான். அந்த நாலு பேரும் எப்போதும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததால் பார்க்கிறவர்களுக்குக் கூட்டமாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

நாலு பேருக்கும் தலைவன் சுயம்பு. வரலாறு மூன்றாம் ஆண்டு. முதல் வருஷம் கால்பந்து டீமில் சேரப் போனவனைப் பயிற்சியாளர் ஜெபமணி சார் பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு தோளில் கை போட்டு, "நீ வெளியில இருந்தாத்தான் மக்களே டீமுக்கு ரொம்ப உபயோகம்" என்றார். சுயம்பு அதைப் பெரிய பொறுப்பாக எடுத்துக்கொண்டான். வெளியில் இருப்பதற்காகவே ஒரு ரசிகர் மன்றம் ஆரம்பித்தான்.

மன்றத்துக்குச் சுயம்பு தலைவர், மீரான் செயலாளர், ஆன்றோ துணைத்தலைவர். தாணுவுக்குக் கொடுக்கப் பதவி மிச்சமில்லாததால் அவன்தான் பொதுக்குழு. ஏதாவது தீர்மானம் என்றால் மூன்று பேரும் பேசி முடித்துவிட்டு, "பொதுக்குழு என்ன சொல்லுது?" என்று தாணுவைப் பார்ப்பார்கள். பொதுக்குழு தலையாட்டும்.

அந்த வட்டாரத்தில் கல்லூரி என்று இருப்பதே ரெண்டுதான். ஒன்று இவர்களுடையது, இன்னொன்று தேரிமேடு பொறியியல் கல்லூரி. ஆகையால் வட்டாரக் கோப்பைக்கு ஒவ்வொரு வருஷமும் நேராக இறுதி ஆட்டம்தான். ஒன்பது வருஷமாக ஒவ்வொரு இறுதி ஆட்டத்திலும் கிழக்குப்பாறை தோற்றுக்கொண்டிருந்தது. கடைசியாகத் தோற்றது ஏழு கோலில். அந்த ஏழில் ரெண்டு, நம் ஆட்களே போட்டது.

இந்த வருஷம் கல்லூரி முதல்வர் திரிவிக்ரமன் எல்லாரையும் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இந்தத் தடவையும் தோத்தா ஃபுட்பால் டீம் கிடையாது. மைதானத்துல மூலிகைத் தோட்டம் வெச்சுருவேன்."

சுயம்புவுக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. மைதானத்தின் ஓரத்தில் போய் நின்றான். டீம் இல்லாவிட்டால் தான் எதற்கு வெளியில் இருப்பது? கோல் போஸ்டுக்குப் பக்கத்தில் ஆடாதொடையும் நடுக்கோட்டில் துளசியும் முளைத்து நிற்பதுபோல் கண்ணில் தெரிந்தது. நேராக ஜெபமணி சாரிடம் போனான். மற்ற மூவரும் பின்னாலேயே போனார்கள்.

"சார், டீமுக்காக நாங்க என்ன செய்யணும்? சொல்லுங்க, செய்யிறோம்."

ஜெபமணி சார் நல்ல மனிதர். ஆனால் அவர் வாயிலிருந்து நேராக ஒரு வார்த்தை வராது. எல்லாம் சுற்றி வளைத்துத்தான் வரும். அவர் விசிலைத் துடைத்துக்கொண்டே, இவர்களை அனுப்பி வைத்தால் போதும் என்ற எண்ணத்தில், "முதல்ல ரெண்டு டீமையும் நல்லா எடை போட்டுப் பாருங்க மக்களே. யாரு கை ஓங்கியிருக்கு, யாரு தாழ்ந்திருக்கான்னு தெரியணும்லா?" என்றார்.

நாலு பேரும் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு வந்தார்கள்.

"எடை போடணும்னா தராசு வேணுமே" என்றான் சுயம்பு.

"எங்க மாமா கம்பெனியில மீன் எடை போடுற தராசு இருக்கு" என்றான் ஆன்றோ. "சுறா நிறுக்கிறதாக்கும். மனுஷன் ஏறினா தாங்கும்."

மறுநாள் காலை மீரானின் வாப்பாவுடைய லோடு ஆட்டோவில் தராசை ஏற்றிக்கொண்டு தேரிமேட்டுக்குப் போனார்கள். அங்கே டீம் பயிற்சி செய்துகொண்டிருந்தது. சுயம்புவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவர்களுடைய பயிற்சியாளரிடம் போய், "உங்க டீமை எடை போடச் சொல்லி அனுப்பியிருக்காங்க சார்" என்றான்.

அவர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். எல்லாரையும் பூட்ஸைக் கழற்றச் சொல்லி வரிசையில் நிற்க வைத்தார். "பி.பி. பாக்க மாட்டீங்களா?" என்று வேறு கேட்டார்.

"அது யாரும் சொல்லல சார்" என்றான் மீரான்.

ஆன்றோ ஒவ்வொருவரையும் நிறுத்து, ஆளுக்கு இருநூறு கிராம் தண்ணிக் கழிவு கழித்து எழுதினான். மீன் கம்பெனியில் அதுதான் வழக்கம். கழிவு போகப் பதினொரு பேரும் எண்ணூற்று மூன்று கிலோ. திரும்பி வந்து தங்கள் டீமை நிறுத்தார்கள். கழிவு போக அறுநூற்று இருபத்திரண்டு.

நாலு பேரும் தராசைச் சுற்றி உட்கார்ந்து ரெண்டு கணக்கையும் மறுபடி கூட்டிப் பார்த்தார்கள்.

"ஒன்பது வருஷமா எதுக்குத் தோக்குறோம்னு இப்பத்தான் தெரியுது" என்றான் சுயம்பு கடைசியில். "நூத்தி எண்பத்தோரு கிலோ கொறையுதே மக்கா. எப்படி ஜெயிப்போம்?"

"அவங்க எடையைக் கொறைச்சா என்ன?" என்றான் மீரான்.

"அடுத்தவன் சோத்துல கை வைக்கலாமாலே? பாவம்."

"அப்போ நம்ம எடையைக் கூட்டணும்."

"பொதுக்குழு என்ன சொல்லுது?"

பொதுக்குழு தலையாட்டியது. அதோடு நிற்காமல், வீட்டுத் தோட்டத்தில் மரச்சீனிக் கிழங்கு பிடுங்காமல் கிடக்கிறது என்றும் சொன்னது.

மறுநாளிலிருந்து பயிற்சி முடிந்ததும் டீமுக்கு ஆளுக்கு ஒரு சட்டி அவித்த மரச்சீனி, நாலு ஏத்தம்பழம். பையன்கள் சந்தோஷமாகத் தின்றார்கள். வாழ்க்கையில் யாரும் அவர்களை இப்படிக் கவனித்ததில்லை. பதினைந்து நாளில் டீம் ஐம்பது கிலோ கூடியது. அதில் ஒன்பது கிலோ கோல்கீப்பர் மரியநேசனுடையது மட்டும். அவன் பெனால்டி கட்டத்துக்குள் நடப்பதை நிறுத்திவிட்டு, கோல் போஸ்டில் சாய்ந்து நிற்கப் பழகிக்கொண்டான்.

ஜெபமணி சாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னலே எல்லாரும் வெதை நெல்லு மூட்டை மாதிரி உருளுறீங்க?" என்று கத்திக்கொண்டிருந்தபோது நாலு பேரும் வந்து நின்றார்கள்.

"எடை போட்டாச்சு சார். அடுத்து என்ன?"

சார் அப்போது இருந்த எரிச்சலில், "அவங்க டிஃபென்ஸ்ல எங்க ஓட்டை இருக்குன்னு போய்ப் பாருங்க. அந்தப் பத்தாம் நம்பர் ஜெனிஸ் இருக்கான்லா, அவனை நெழல் மாதிரி ஒட்டிக்கிட்டே இருந்தாத்தான் கதை நடக்கும். போங்க, கண்ணு முன்னாடி நிக்காதீங்க" என்றார்.

கண் முன்னால் நிற்கக் கூடாது என்பதற்காக, வந்த வழியே பின்பக்கமாகவே நடந்து வெளியேறினார்கள்.

ஓட்டை பார்க்க ஆன்றோவையும் மீரானையும் அனுப்பினான் சுயம்பு. நிழலாக இருக்கும் வேலை பொதுக்குழுவுக்கு. ஏனென்றால் நாலு பேரிலும் தாணுதான் கறுப்பு.

மூன்று நாள் கழித்துச் சாரிடம் அறிக்கை கொடுத்தார்கள்.

"ஓட்டையைக் கண்டுபிடிச்சாச்சு சார்" என்றான் மீரான். "மேக்குப் பக்கத்து கோல் போஸ்டு. வலது மூலை. ரெண்டு கை சேந்து நுழையும்."

"கோல் போஸ்டா?"

"வலையில சார்."

"பெரிய ஓட்டை சார்" என்றான் ஆன்றோ. "பந்து அப்படியே வெளியே போயிரும். கடக்கரையில பொறந்துட்டு, கிழிஞ்ச வலையைப் பாத்துட்டுச் சும்மா வர மனசு வரல்ல. உக்காந்து முடிச்சுப் போட்டுட்டேன். இனி நெத்திலி கூட வெளியே போகாது."

"எதிரி வலையைத் தைச்சுக் குடுத்துட்டா வந்திருக்கே?"

"நூலு நம்மளது சார்" என்றான் ஆன்றோ பெருமையாக.

ஜெபமணி சார் தலையில் கை வைத்துக்கொண்டார். சார் யோசிக்கிறார் என்று நாலு பேரும் காத்திருந்தார்கள். பிறகு தாணு முன்னால் வந்தான்.

"நெழல் வேலையும் நல்லா நடந்தது சார். காலையில அவனுக்கு மேக்கால படுத்துக்கிட்டேன், சாயங்காலம் கெழக்கால. அவன் நடந்தா நானும் தரையோட தரையா உருளுவேன். மொத நாள் ஓடினான், ரெண்டாம் நாள் கல்லெடுத்தான், மூணாம் நாள் பழகிட்டான். என்னை மிதிச்சிரக் கூடாதுன்னு தாண்டித் தாண்டித்தான் நடக்கான். நல்ல பையன் சார்."

"முழு நாளுமா?" என்று கேட்டார் சார்.

தாணு தலையைக் குனிந்துகொண்டான். "இல்ல சார். உச்சி வெயிலுக்கு நெழல் இருக்காதுல்லா, அப்போ சோறு திங்கப் போனேன். நேத்து மத்தியானத்துக்கு மேல மழை மேகம். அதனால லீவு."

ஜெபமணி சார் எழுந்து போய்விட்டார். அன்று முழுக்க அவர் மைதானப் பக்கம் வரவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் மன்றத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. கடைசியாக ஒரு தடவை டீமை நிறுத்திருந்தார்கள். அறுநூற்று எழுபத்திரண்டு. எண்ணூற்று மூன்றுக்கு இன்னும் நூற்று முப்பத்தொன்று குறைந்தது.

"ஜெயிக்க வழியே இல்லையாலே?" என்றான் சுயம்பு. அவன் கண் கலங்கியிருந்தது. மூலிகைத் தோட்டத்துக்கு வேலி போட முதல்வர் மூங்கில் வாங்கிப் போட்டிருந்ததை அன்று காலைதான் பார்த்திருந்தான்.

"ஒரு வழி இருக்கு" என்றான் மீரான். "ரசிகர்களும் டீமோட சேத்திதான்னு சார் அடிக்கடி சொல்லுவாருல்லா? நாம நாலு பேரும் சேர்ந்தா?"

நாலு பேரும் தராசில் ஏறினார்கள். இருநூற்று நாற்பது.

"கூடிப்போகுதே" என்றான் சுயம்பு. "நாம ஜெயிச்சா, எடை கூட வெச்சு ஏமாத்தினோம்னு பேரு வரும். சரியா வரணும்."

மாற்றி மாற்றி ஏறிப் பார்த்ததில் ஆன்றோவும் தாணுவும் சேர்ந்து நூற்று முப்பத்திரண்டு வந்தார்கள். ஒரு கிலோ அதிகம். ஆன்றோ காலையில் தின்ன வேண்டிய புட்டைத் தியாகம் செய்வதாகச் சொன்னான். மற்றவர்கள் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் ரெண்டு பேரும் டீமின் பெஞ்சிலேயே உட்கார வேண்டும், ஆட்டம் முடிகிற வரை எழுந்திருக்கக் கூடாது, தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது என்று தீர்மானம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேரிமேட்டு மைதானம் நிறைந்திருந்தது. அவர்கள் பக்கம் ரெண்டாயிரம் பேர், மேளம், கொடி, ஆளுயரப் பதாகை. நம் பக்கம் டீமும், ஜெபமணி சாரும், மன்றமும். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் சுயம்பு சாரிடம் வந்தான்.

"சார், நாங்க என்ன செய்யணும்?"

சார் இந்தத் தடவை ரொம்ப ஜாக்கிரதையாக யோசித்தார். சுற்றி வளைக்காமல், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். "ஆட்டம் முடியிற வரைக்கும் உங்க நாலு பேரு வாயிலயிருந்தும் ஒரு சத்தம் வரக் கூடாது. அது போதும்."

"சத்தம் வராது சார்" என்றான் சுயம்பு. அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை.

ஆட்டம் எப்படி இருந்தது என்று கேட்டால், தேரிமேடு ஆடியது, கிழக்குப்பாறை பார்த்தது. மரச்சீனி தின்ற பையன்களுக்குப் பத்தாவது நிமிஷத்தில் மூச்சு வாங்கியது. பந்து போகும் திசையில் அவர்கள் திரும்புவதற்குள் அது வேறு திசையில் போயிருந்தது. முதல் பாதியில் மட்டும் பதினான்கு தடவை கோலை நோக்கி அடித்தார்கள். மரியநேசன் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. அவன் இருந்தான், அவ்வளவுதான். பந்து வந்து அவன் மேல் பட்டுத் திரும்பிப் போனது. இடைவேளையில், யாரோ முதுகில் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று சாரிடம் புகார் செய்தான்.

 ஒவ்வொரு தடவை பந்து நம் பக்கம் வரும்போதும் சுயம்புவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

எழுபதாவது நிமிஷத்தில் ஜெனிஸ் பந்தோடு தனியாக வந்துவிட்டான். முன்னால் மரியநேசன் மட்டும்தான். அவனும் அப்போது பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்து, நிமிர முடியாமல் இருந்தான். கோல் முழுசாகத் திறந்து கிடந்தது. ஜெனிஸ் காலைத் தூக்கினான். சாயங்கால வெயிலில் அவனுடைய நிழல் பந்துக்குப் பக்கத்தில் நீளமாக விழுந்தது. அதைப் பார்த்ததும், மிதித்துவிடக் கூடாதே என்று பதறி ஒரு தாண்டு தாண்டினான். பந்து அங்கேயே நின்றது. ஜெனிஸ் மட்டும் கோலுக்குள் போய் விழுந்தான்.

"மன்னிச்சிருண்ணே" என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னது பக்கத்தில் நின்ற நடுவர் காதில் விழுந்தது. நடுவர் தள்ளிப் போய்விட்டார்.

எண்பத்து மூன்றாவது நிமிஷத்தில்தான் அது நடந்தது. நம் டீமின் பபினுக்குப் பந்து எப்படியோ கிடைத்தது. அவன் அடிக்கவில்லை. ஓடி வந்த வேகத்தில் நிற்க முடியாமல் அதன் மேல் விழுந்தான். அறுபத்தெட்டு கிலோ பிதுக்கியதில் பந்து பீறிட்டுப் பறந்து மேற்குப் பக்கத்து கோலின் வலது மூலைக்குள் போனது.

"அவுட்! அவுட்! வெளியில போச்சு!" என்று தேரிமேட்டு கோல்கீப்பர் திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கிக் கத்தினான். அந்த மூலையில் போன பந்து எப்போதும் பின்னால் புல்லில்தான் கிடக்கும். அதை வைத்தே ரெண்டு வருஷமாக அவன் பெரிய கீப்பர் என்று பேர் வாங்கியிருந்தான்.

நடுவர் போய்ப் பார்த்தார். வலை விறைப்பாக நின்றது. பந்து உள்ளேதான் கிடந்தது. நடுவர் விசிலை ஊதி மைதானத்தின் நடுவைக் காட்டினார்.

கோல்!

ஜெபமணி சார் தொப்பியைத் தூக்கி எறிந்தார். தேரிமேட்டு மேளம் பாதி அடியில் நின்றது. ரசிகர் மன்றத்திலிருந்து மட்டும் ஒரு சத்தமும் வரவில்லை. நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுயம்புவுக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டி, விரலிடுக்கில் வழிந்தது. தாணு பெஞ்சில் தலையை முட்டிக்கொண்டான். பக்கத்தில் இருந்த தேரிமேட்டுக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு, "வீட்டுல யாரும் தவறிட்டாங்களா தம்பி?" என்று கேட்டார். சுயம்பு இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான்.

மிச்சம் இருந்த ஏழு நிமிஷமும் கிழக்குப்பாறை டீம் ஒரு நல்ல காரியம் செய்தது. களைப்பு தாங்காமல் பதினொரு பேரும் நம் கோலுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அறுநூற்று எழுபத்திரண்டு கிலோவைத் தாண்டிப் பந்து எங்கே போகும்?

நீண்ட விசில் ஊதியது. ஒன்றுக்குப் பூஜ்யம்.

அப்போதுதான் சுயம்பு கையை எடுத்தான். மூச்சை இழுத்து, தொண்ணூறு நிமிஷமாகச் சேர்த்து வைத்த சத்தத்தை ஒன்றாக வெளியே விட்டான். மேளக்காரர்களில் ஒருவர் குச்சியைக் கீழே போட்டுவிட்டார்.

உடனே அவனுக்குப் போன் வந்தது. முதல்வர் திரிவிக்ரமன். 

"சுயம்பு! நெசமாவா? நான் காலேஜ்லதான் இருக்கேன். கோப்பையைக் கையோட கொண்டு வந்துருங்க. கேட்டியா? அங்க இங்க வெச்சுட்டு வந்துறாதீங்க. கையோட!"

"கையோட கொண்டாறோம் சார்" என்றான் சுயம்பு.

பரிசு கொடுக்க மேடையில் நின்றவர் பொன்னுலிங்கம் என்ற ஓய்வுபெற்ற பதிவாளர். எழுபத்தெட்டு வயது. தும்பைப் பூ மாதிரி வேட்டி. ஓய்வு பெற்ற நாளிலிருந்து தினம் ரெண்டு விழாவில் தலைமை. யார் கையைப் பிடித்து எந்த வண்டியில் ஏற்றினாலும் ஏறி உட்கார்ந்துவிடுவார், அவ்வளவு பழக்கம். புகைப்படத்துக்காக அவர் வலது கையில் முதல் பரிசுக் கோப்பையையும் இடது கையில் இரண்டாம் பரிசுக் கோப்பையையும் ஒன்றாகத் தூக்கிப் பிடித்திருந்தார்.

மேடைக்குக் கீழே மன்றம் கூடியது.

"கையோடன்னாரு சார்" என்றான் சுயம்பு. "யாரு கையோடன்னு சொல்லல."

"இப்போ கோப்பையோட இருக்கிறது யாரு கை?" என்றான் மீரான்.

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "அவரு கை."

"கையை மட்டும் எப்படிக் கொண்டு போறது?" என்றான் ஆன்றோ.

"அது மரியாதையா இருக்காது. முழுசாக் கொண்டு போயிருவோம். பொதுக்குழு என்ன சொல்லுது?"

பொதுக்குழு தலையாட்டியது.

சுயம்பு மேடையேறி, கும்பிட்டு, வலது கோப்பையையும் அதைப் பிடித்திருந்த கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "வாங்கய்யா, வண்டி ரெடி" என்றான். பெரியவர் அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்து, சிரித்தபடி இறங்கி வந்தார். அவர் இடது கையில் இருந்தது இடது கையிலேயே இருந்தது. கல்லூரிப் பேருந்தில் ஜன்னலோர இருக்கையைக் கொடுத்தார்கள். வழி நெடுக அவர் ரெண்டு கோப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒழுக்கத்தின் அவசியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

கல்லூரி வாசலில் முதல்வர் மாலையோடு நின்றார். பேருந்திலிருந்து முதலில் ஒரு கோப்பை இறங்கியது. அடுத்துப் பெரியவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் இன்னொரு கோப்பை இறங்கியது.

"இது யாருடே?" என்றார் முதல்வர்.

"நீங்க கேட்ட கை சார்" என்றான் சுயம்பு. "எங்கயும் வெக்காமக் கொண்டாந்துட்டோம்."

முதல்வர் அந்தப் பதிலைக் காதில் வாங்கவில்லை. அவர் கண் ரெண்டு கோப்பையிலும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. ஒன்றில் முதல் பரிசு என்று எழுதியிருந்தது, இன்னொன்றில் இரண்டாம் பரிசு. ரெண்டையும் வாங்கித் தட்டிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்போ மொதல் எடமும் நமக்கு, ரெண்டாவது எடமும் நமக்கா?"

"ஆமா சார்."

முதல்வர் மாலையைப் பெரியவர் கழுத்தில் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"தேரிமேடு எத்தனாவது?"

சுயம்பு விரலை விட்டு எண்ணினான். "மூணாவது சார்."

"ரெண்டு டீம்தானே ஆடுச்சு?"

"ஆமா சார். அதுலயும் மூணாவதாத்தான் வந்திருக்காங்க" என்றான் சுயம்பு. அவர்களை நினைத்து அவனுக்கு உண்மையாகவே பரிதாபமாக இருந்தது. "ஆனா மோசமான டீமுன்னு சொல்லக் கூடாது சார். கஷ்டப்பட்டு ஆடினா அடுத்த வருஷம் ரெண்டாவதா வந்துருவாங்க."